தண்ணி தெளிஞ்சுது, மீனு செத்துது

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியல. வந்ததும் வராததுமா ஒரு சண்டையோட வர்றேன், கோச்சுக்காதீங்க மக்களே.

போன ஞாயித்துக்கிழமை இங்க கோவையிலயே ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். புது வீடு. முன்பக்கம் சின்னதா தோட்டம், தோட்டத்து நடுவுல ஒரு குளம். குளம்னா ஏரி அளவுக்குக் கற்பனை பண்ணாதீங்க, ஒரு கட்டில் போடற இடம்தான். சிமெண்ட் தொட்டி, சுத்தியும் கூழாங்கல்லு, ஓரத்துல ஒரு சின்ன நீர்வீழ்ச்சி, உள்ள இருபது சொச்சம் கோய் மீனுங்க. மனுஷன் பையிலிருந்து ஒரு ரூபா காசை எடுத்துத் தண்ணிக்குள்ள போட்டார். "குனிஞ்சு பாருங்க, காசுல வருஷம் தெரியுதா?"ன்னார். தெரிஞ்சுது. தங்கமணி கை தட்டினாங்க. நானும் தட்டினேன், வேற என்ன பண்றது.

"போன மாசம் வரைக்கும் கீரைக் கடைசல் மாதிரி இருந்துச்சுங்க. யூவி லைட் ஒண்ணு மாட்டினேன், ஒரே வாரம்! இனிமே குளத்தைப் பத்திக் கவலையே பட வேண்டாம்னு கடைக்காரர் சொல்லிட்டார்."

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கு பாருங்க, அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். விருந்துக்குப் போன இடத்துல வாயைத் திறக்க முடியல. பஜ்ஜியைத் தின்னுட்டு வந்துட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா இதே வசனத்தை, இதே சந்தோஷத்தோட, நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க வீட்டுப் பின்பக்கம் நான் வெட்டின குளம் எட்டடி நீளம், அஞ்சடி அகலம், ரெண்டடி ஆழம். கணக்குப் போட்டா 80 கன அடி, ஏறக்குறைய 2,260 லிட்டர். அதுல விரல் நீளத்துல 14 கோய் குஞ்சு விட்டேன். மூணாவது வாரமே தண்ணி பச்சை. ஒரு மாசத்துல மீனே தெரியல. "அப்பா, இதுல நிஜமாவே மீனு இருக்கா, இல்ல சும்மா சொல்றியா?"ன்னு பையன் கேட்டான். மானப் பிரச்சனை ஆயிடுச்சு. ஓடினேன் கடைக்கு. 18 வாட் யூவி ஒண்ணு, புதுசா ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒண்ணு வாங்கி மாட்டினேன்.

ஆறாவது நாள் தண்ணி கண்ணாடி. சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சேன். மீனு தெரிய ஆரம்பிச்சதும் என்ன ஆச்சு தெரியுமா? வர்றவங்க போறவங்க எல்லாரும் தீனி போட ஆரம்பிச்சாங்க. கோயில் தெப்பக்குளத்துல பொரி போடற பழக்கம் நமக்கு ரத்தத்துலயே ஊறினது. பையன் காலையில, தங்கமணி மத்தியானம், நான் ஆபீஸ்லேர்ந்து வந்ததும்.

ஒன்பதாவது நாள் மீனுங்க மேலாக்க வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடிட்டிருந்துச்சு. பசின்னு நினைச்சு இன்னும் ஒரு பிடி போட்ட அறிவாளி நான்தான். பதினோராவது நாள் காலையில நாலு மிதந்துச்சு. அடுத்த மூணு நாள்ல இன்னும் அஞ்சு. பதினாலுல ஒன்பது போச்சு.

நண்பர் ஒருத்தர்கிட்ட அம்மோனியா பார்க்கற கிட் இருந்துச்சு, ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன். தண்ணி நல்லா இருந்தா குழாய்ல மஞ்சள் வரணும். எனக்கு வந்தது கரும்பச்சை. குளத்துல காணாமப் போன பச்சை, சோதனைக் குழாய்க்குள்ள வந்து உட்கார்ந்திருந்துச்சு.

அன்னிக்குத்தான் புரிஞ்சுது. பச்சை போகல. எனக்குத் தெரியற இடத்துலேர்ந்து தெரியாத இடத்துக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்.

இப்ப நியாயத்தைப் பேசுவோம். யூவி விளக்கு ஏமாத்து வேலை இல்லை. அது சொன்னதைச் செய்யும். நம்ம வீட்டு ட்யூப்லைட்டுக்குப் பங்காளிதான் அது. உள்ள பாதரச ஆவி. ட்யூப்லைட்டுல வெள்ளையா ஒரு பூச்சு இருக்கும், இதுல இருக்காது. சாதா கண்ணாடி அந்தக் கதிரை வெளிய விடாதுங்கறதால குவார்ட்ஸ் குழாய் போட்டிருப்பாங்க. அதுலேர்ந்து வர்ற 254 நானோமீட்டர் கதிர் பாசியோட டிஎன்ஏவைத் தாக்கி, அடுத்தடுத்த எழுத்துகளைத் தப்பாக் கோத்து விட்டுடும். அந்த உயிரணுவால அதுக்கப்புறம் பெருக முடியாது. பெருகாத பாசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டி கட்டியாகி, ஃபில்டர்ல மாட்டும், இல்லேன்னா அடியில படியும். தண்ணி தெளியும்.

இது நேத்து வந்த வித்தையும் இல்லை. வெயில் படற குழாயில கிருமி வளரலைன்னு டௌன்ஸ், ப்ளண்ட்னு ரெண்டு பேரு இங்கிலாந்துல 1877லயே எழுதிட்டாங்க. 1910ல பிரான்சு நாட்டு மார்செய் நகரத்துல குடிதண்ணிக்கே இந்த விளக்கைப் போட்டுப் பார்த்துட்டாங்க. இன்னிக்கு நம்ம சமையக்கட்டுல தொங்கற தண்ணி மெஷின்ல இருக்கறதும் இதோட தம்பிதான்.

அப்ப என் சண்டை யாரோட? "தெளிஞ்ச தண்ணி = நல்ல தண்ணி"ன்னு சொல்ற வாயோட. அந்த வாயில மூணு பொய் இருக்கு.

பொய் ஒண்ணு: பச்சைதான் வியாதி.

தண்ணியைப் பச்சையாக்கறது கண்ணுக்குத் தெரியாத ஒத்தை உயிரணுப் பாசி. அது ஏன் வருது? வெயில் இருக்கு, சாப்பாடு இருக்கு. அந்தச் சாப்பாட்டைப் போடறது நாமதான். ஒரு சின்னக் கணக்கு பாருங்க. 35 சதவீதம் புரதம் இருக்கற மீன் தீனி ஒரு கிலோ போட்டா, அதுல 350 கிராம் புரதம். புரதத்துல ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 56 கிராம் நைட்ரஜன் குளத்துக்குள்ள போகுது. அதுல ஒரு பங்குதான் மீனோட உடம்புல சேருது. மிச்சம் செவுள் வழியா அம்மோனியாவா, கழிவா தண்ணிக்கே திரும்ப வருது. நீங்க வாங்கின விளக்கு அந்த 56ல ஒரு கிராமைக்கூட வெளிய எடுக்காது. எடுக்கவும் முடியாது, அது வெறும் வெளிச்சம்.

பாசி என்ன பண்ணிட்டிருந்துச்சு? அந்த அம்மோனியாவைத் தின்னுட்டு இருந்துச்சு. அசிங்கமா இருந்தாலும் என் குளத்துல உருப்படியா வேலை பார்த்த ஒரே ஆளு அதுதான். அதை ஒரு வாரத்துல கொன்னேன். செத்த பாசி அழுகினதுல அது தின்னதெல்லாம் தண்ணிக்கே திரும்பிடுச்சு. அழுகறதுக்கு ஆக்சிஜனும் செலவாச்சு. நம்ம ஊர்ச் சூட்டுல தண்ணிக்கு ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கற சக்தியே கம்மி. 20 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் வச்சிருக்கும், 30 டிகிரின்னா ஏழரைதான். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துட்டு அதே மாதிரி செஞ்சா இந்த வித்தியாசம் நம்ம தலையில விடியும்.

கடன்காரன் நோட்டீஸ் அனுப்பறான். நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கடன் தீர்ந்துச்சுன்னு சொல்றதுக்குப் பேருதான் இந்த வைத்தியம். நம்பலைன்னா விளக்கை ரெண்டு வாரம் அணைச்சுப் பாருங்க. பச்சை திரும்ப வந்தா கடன் அப்படியே இருக்குன்னு அர்த்தம்.

பொய் ரெண்டு: தெளிவாத் தெரிஞ்சா மீனுக்கு நல்லது.

மீன் வளர்த்துப் பொழைக்கறவங்ககிட்டப் போய்க் கேளுங்க. கட்லா, ரோகு வளர்க்கற பண்ணைக் குளத்துல மாட்டுச் சாணத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் காசு குடுத்து வாங்கிப் போட்டுத் தண்ணியைப் பச்சையாக்குவாங்க. முழங்கை வரைக்கும் கையைத் தண்ணிக்குள்ள விட்டுப் பார்ப்பாங்க. உள்ளங்கை மங்கலா மறையணும். பளிச்னு தெரிஞ்சா "தண்ணியில சத்து இல்லை"ன்னு வருத்தப்படுவாங்க. இதுக்குன்னே செக்கி தட்டுன்னு கருப்பு வெள்ளைத் தட்டு ஒண்ணைக் கயித்துல கட்டி இறக்கற வழக்கமும் இருக்கு. 1865ல செக்கிங்கற இத்தாலி நாட்டுப் பாதிரியார் கடல்ல இறக்கிப் பார்த்த சமாச்சாரம். ஒருத்தர் பச்சை வரணும்னு செலவு பண்றார், இன்னொருத்தர் பச்சை போகணும்னு செலவு பண்றார். மீனைக் கேட்டா யார் பக்கம் சேரும்னு நினைக்கறீங்க?

"அது கறிக்கு வளர்க்கற மீனுங்க, கோய் வேற ஜாதி"ன்னு ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். கோய்க்குப் பேர் போன ஊரு ஜப்பான்ல நீகாட்டா. அங்க வளர்ப்பவங்க கோடை பூராவும் அதுங்களை மண் குளத்துலதான் விட்டு வைக்கறாங்க. கலங்கின தண்ணி, உள்ள ஒண்ணும் தெரியாது. இலையுதிர் காலத்துல வலை போட்டு எடுக்கும்போதுதான் எது எப்படி வளர்ந்திருக்குன்னே பார்ப்பாங்க. கண்ணாடித் தண்ணி, வாங்க வர்றவங்க பார்க்கறதுக்கு.

அதுக்காகப் பச்சையைக் கும்பிடவும் சொல்லல. ரொம்பக் கெட்டியாயிட்டா ராத்திரியில அந்தப் பாசியே ஆக்சிஜனை இழுத்துக்கும், விடியக்காலையில மீனு வாயைப் பொளக்கும். தெளிவாத் தெரிஞ்சா மீனு உடம்புல புண்ணு, ஒட்டுண்ணி இருந்தா சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், அதுவும் உண்மை. தெளிவு வேணும்னு நீங்க ஆசைப்படறது தப்பே இல்லை. ஆனா அது உங்க கண்ணுக்காக. மீனுக்காகன்னு சொல்லாதீங்க.

பொய் மூணு: மாட்டிட்டா மறந்துடலாம்.

மறக்கவே முடியாது. அந்த விளக்கோட ஆயுசு 8,000 லிருந்து 9,000 மணி நேரம். 24 மணி நேரமும் எரிய விட்டா ஒரு வருஷம். அதுக்கப்புறமும் நீலமா எரியும், அதான் கூத்தே! கண்ணுக்குத் தெரியற நீலம் இருக்கும், பாசியைக் கொல்ற கதிர் குறைஞ்சிருக்கும். நம்ம போர்த் தண்ணியோட உப்புக்கு, குவார்ட்ஸ் குழாய் மேல சில மாசத்துலயே வெள்ளையா படிஞ்சுடும். எலுமிச்சம்பழமோ வினிகரோ போட்டுத் தேய்க்கணும். பம்பு வேகமா தள்ளினா பாசிக்கு வெளிச்சம் போதாது. மெதுவாத் தள்ளினா, குளத்துல பாசி பெருகற வேகத்துக்கு விளக்கு ஈடு குடுக்காது. இதுக்கு நடுவுல நூல் நூலா சுவத்துல தொங்கற பாசி இருக்கே, அது விளக்கு வழியா போறதே இல்லை, அப்புறம் எப்படிச் சாகும்? தண்ணி தெளிஞ்சதும் வெயில் அடி வரைக்கும் இறங்குது, அது இன்னும் ஜோரா வளருது. சேத்து மண் கலங்கல் இருந்தா அதுக்கும் இந்த விளக்கு ஒண்ணும் பண்ணாது.

இன்னொண்ணு, விளையாட்டில்லாம சொல்றேன். "எரியுதா பார்க்கலாம்"னு மூடியைக் கழட்டி எட்டிப் பார்க்காதீங்க. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணு மாதிரி, சில மணி நேரம் கழிச்சு மணலை அள்ளிக் கொட்டின எரிச்சல் வரும். குழந்தைங்க இருக்கற வீட்டுல மூடி இல்லாத யூவி விளக்கைத் தொட்டிக்குள்ள தொங்க விடவே கூடாது. பழைய விளக்குல பாதரசம் இருக்கு, அதைக் குப்பைத் தொட்டியில உடைச்சுப் போடாதீங்க.

இப்ப எதிர்க் கோஷ்டிக்கு வர்றேன். என் பக்கம் நிக்கறதா நினைச்சுக்கிட்டு, "யூவி நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்னுடும், அதான் உன் மீனு செத்துச்சு"ன்னு என்கிட்டயே வகுப்பெடுத்தவங்க உண்டு. இல்லீங்க. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கற பாக்டீரியா பெரும்பாலும் தண்ணியில மிதந்துக்கிட்டு இருக்காது. கல்லு மேல, ஸ்பாஞ்சு மேல, வழுவழுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். விளக்கு இருக்கற பக்கமே அது வராது. அதைக் கொன்னது விளக்கு இல்லை, நானேதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில சோப்பு போடாத குறையா பிழிஞ்சு பிழிஞ்சு "சுத்தமா" வச்சிருந்தேன். குடித்தனம் வந்த பாக்டீரியாவை வாரா வாரம் காலி பண்ண வச்சிருக்கேன். விளக்கு மேல பழியைப் போடறது சுலபம். ஆனா விளக்கைத் திட்டினாலும் சரி, கும்பிட்டாலும் சரி, ரெண்டு கோஷ்டியும் பார்க்கத் தவறினது ஒரே இடத்தை: தீனி டப்பாவை.

சரி, என்னதான் பண்றது? நான் பண்ணினதைச் சொல்றேன்.

மிச்சம் இருந்த அஞ்சு மீனோட நிறுத்திக்கிட்டேன், புதுசா வாங்கல. தீனி ஒரே வேளை, அஞ்சு நிமிஷத்துல தின்னு தீர்க்கற அளவு. டப்பாவைப் பையன் கைக்கு எட்டாத அலமாரியில வச்சாச்சு, தங்கமணி கைக்கும்தான் :-) குளத்துல பாதிக்கு மேல நிழல்வலை கட்டினேன். மேல அல்லி இலை பரப்பி நிக்குது. நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துல ஜல்லி நிரப்பி ஒரு சின்னத் தொட்டி, அதுல கல்வாழை. குளத்துத் தண்ணி அதன் வழியா போய்த்தான் திரும்ப வருது. பாசி தின்ன சாப்பாட்டை இப்ப கல்வாழை தின்னுது. அதை வெட்டி வெளிய போடறேன் பாருங்க, அப்பத்தான் நைட்ரஜன் உண்மையிலயே குளத்தை விட்டுப் போகுது. ஆகாயத்தாமரையும் இதே வேலையைச் செய்யும்தான். ஆனா அது ஏரிக்குள்ள புகுந்தா என்ன ஆகும்னு நம்ம ஊர் ஏரிங்களே சொல்லும், அதனால நான் தொடல. ஸ்பாஞ்சை இப்ப குளத்துத் தண்ணியிலயேதான் அலசறேன். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்ட எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

அதுக்கப்புறம் என்ன பண்ணினேன் தெரியுமா? அலமாரியிலேர்ந்து அதே யூவியை எடுத்து மாட்டினேன்! ஆமாங்க. 18 வாட், மாசத்துக்கு 13 யூனிட் கரண்ட். சித்திரை, வைகாசியில மட்டும் போடறேன். தண்ணி லேசாப் பச்சை தட்டும், விளக்கு அதைப் பார்த்துக்கும். ஃபில்டரும் செடியும் தயாரா நிக்குது, அதனால மீனுக்கு ஒண்ணும் ஆகல. விளக்கு கடைசியா வர வேண்டிய ஆளு. அதை முதல்ல கூட்டிக்கிட்டு வந்ததுதான் என் தப்பு. முதல்ல கூட்டிட்டுப் போகச் சொல்றதுதான் கடைக்காரர் தப்பு. விளக்கு விக்கறவர் கூடவே ஒரு அம்மோனியா கிட்டையும் கையில குடுத்து, "ரெண்டு மாசம் இதுல பூஜ்யம் வந்தப்புறம் விளக்கை மாட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அவருக்கு என்ன குறைஞ்சிடும்? ரெண்டு மாசத்துக்கப்புறம் பாதிப் பேருக்கு விளக்கே தேவைப்படாதுங்கறதைத் தவிர.

திங்கட்கிழமை காலையில மனசு கேட்காம அந்த நண்பருக்குப் போன் பண்ணிட்டேன். குளம் கட்டி எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டேன். "ரெண்டு மாசம். லைட் போட்டு எட்டு நாள்." தீனி? "இப்பத்தான் நல்லாத் தெரியுதே, பசங்க வேளைக்கு ஒரு பிடி போடறாங்க." மீனு எப்படி இருக்கு? "சூப்பரா இருக்குங்க. எல்லாம் மேலயே வந்து வாயைத் திறந்து திறந்து கேக்குதுங்க, அவ்ளோ பசி!"

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

"அப்ப லைட்டைக் கழட்டிடவா?"ன்னார். வேண்டாம், அது பாட்டுக்கு எரியட்டும், பாசி செத்தாச்சு, இனிமே அதைக் கழட்டிப் பிரயோஜனமில்லை. தீனியை இன்னியோட நிறுத்துங்க. கால் பங்கு தண்ணியை எடுத்துட்டுக் குளோரின் இல்லாத தண்ணியை மேலேர்ந்து ஊத்துற மாதிரி விடுங்க, நாளைக்கும் அதே பண்ணுங்க. நீர்வீழ்ச்சியை ராத்திரியிலயும் அணைக்காதீங்க. முதல் வேலையா ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்துட்டு வாங்க, பார்த்துடலாம்னு சொன்னேன்.

சாயங்காலம் வர்றேன்னிருக்கார். பாட்டில் தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.

டிஸ்கி 1: விளக்கு விக்கற அண்ணாச்சிங்க யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். உங்க சரக்கு நல்ல சரக்குன்னு மேலயே சொல்லிட்டேன்.

டிஸ்கி 2: உங்க வீட்டுல குளமோ தொட்டியோ இருந்தா, எத்தனை லிட்டர், எத்தனை மீனு, ஒரு நாளைக்கு எத்தனை பிடி தீனின்னு பின்னூட்டத்துல போடுங்க. தண்ணி என்ன கலர்னு சொல்ல வேண்டாம், அதை நான் கேக்கவே இல்லை.